ஸ்தாவரமும் ஜங்கமமும்

அமெரிக்காவில் பழைய குடும்பம் என்று பெருமை பேசும் எந்த வீட்டிலும் பாட்டிமார் வழியாக வந்த கதை ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் ஒரே கதையாகவும் இருக்கும். மூன்று சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தார்கள். ஒருவன் வடக்கே போனான், ஒருவன் தெற்கே போனான், மூன்றாமவன் மேற்கே போய்ச் சேதி தெரியாமற் போனான். வர்ஜீனியாக் குடும்பமாயின், பூர்வகுடித் தலைவனின் மகளாகிய போகஹோன்டஸின் ரத்தமும் தங்கள் உடம்பில் ஓடுகிறது என்ற பெருமை இக்கதையோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பெண்மணிக்கு இருந்தது தாமஸ் ரால்ஃப் என்ற ஒரே பிள்ளை என்பதையும், அந்த ஒற்றைக் கொடியில் இத்தனை காய் காய்த்திருக்க முடியுமா என்பதையும் எவரும் நின்று யோசிப்பதில்லை.

இக்கதைகளை நான் பழிக்கவில்லை. கதையில்லாத குடும்பம் எந்தத் தேசத்திலும் இல்லை. ஆயினும் ஒரு வம்சத்தின் உண்மையை அறிய வேண்டுமானால், பாட்டி சொன்ன விருத்தாந்தத்தைவிட உயிலையும், கிரய சாசனத்தையும், நீதிஸ்தலத்துக் குமாஸ்தா கிறுக்கி வைத்த குறிப்பையுமே நான் நம்புவேன். மரணப் படுக்கையில் கிடந்துகொண்டு, கறவை மாடு யாருக்கு, இரும்புப் பானை யாருக்கு, ஆற்றோரத்து நிலம் யாருக்கு என்று சொல்லி எழுதவைத்த மனிதன், முந்நூறு வருஷம் கழித்து ஒரு கொள்ளுப்பேரன் தன்னைத் தேடிக்கொண்டு வருவான் என்று நினைத்து எழுதவைக்கவில்லை. நம்மை நினையாமலே எழுதப்பட்டதனால் அந்தத் தாளுக்கு நம்மிடம் பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பொய் நுழைகிற இடம் வேறு. வாசிக்கிற நாம், நமக்கு வேண்டிய பெயரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அதே தாளில் அடுத்த வரியில் கிடக்கும் பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறோமே, அங்கேதான் அது நுழைகிறது.

செசபீக் விரிகுடாவுக்கும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் இடையே நாக்குப்போல நீண்டு கிடக்கும் நிலத்தை வர்ஜீனியர்கள் கிழக்குக் கரை என்பார்கள். அங்கே நார்தாம்ப்டன் கவுண்டியின் தலைநகராகிய ஈஸ்ட்வில் என்ற சிற்றூரில், 1632ஆம் ஆண்டு முதல் அறுபடாமல் எழுதப்பட்டு வந்த கவுண்டி நீதிமன்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வளவு பழைய தொடர்ச்சியான கவுண்டிப் பதிவேடு வேறில்லை. வர்ஜீனியாவின் மற்றப் பல கவுண்டிகளுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. உள்நாட்டு யுத்தத்தின்போது, பத்திரமாய் இருக்கட்டும் என்று எண்ணித் தங்கள் பதிவேடுகளை ரிச்மண்ட் நகரத்துக்கு அனுப்பிவைத்த கவுண்டிகள் சில உண்டு. 1865ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் தென்னாட்டுப் படை அந்நகரை விட்டு ஓடும்போது வைத்த நெருப்பில், காப்பாற்ற அனுப்பியவையே சாம்பலாயின. வேறு சில தாள்கள் சிப்பாய்களின் சட்டைப் பையில் ஏறிப்போயின. மார்த்தா வாஷிங்டனின் உயில் 1862இல் ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றத்திலிருந்து இப்படிப் போய், கோடீசுவரர் ஜே. பி. மார்கனின் நூல்நிலையத்தை அடைந்து, வழக்குப் போட்ட பிறகு 1915இல்தான் ஊர் திரும்பிற்று. கிழக்குக் கரை ஒதுக்குப்புறமாய்க் கிடந்ததனால் பிழைத்தது.

அந்தப் பிழைத்த ஏடுகளில் நான் மிகவும் மதிக்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. ஆளுநர் குடும்பமன்று, பிரபுக்களின் கிளையுமன்று. 1625இல் வர்ஜீனியாவில் எடுத்த ஜனக்கணக்கில், ஜேம்ஸ் நதிக்கரையில் பென்னட் என்பவரின் புகையிலைத் தோட்டத்து ஆட்களிடையே, 1621இல் ‘ஜேம்ஸ்’ என்னும் கப்பலில் வந்த ‘அன்டோனியோ, ஒரு நீக்ரோ’ என்றும், 1622இல் ‘மார்கரெட் அண்ட் ஜான்’ என்னும் கப்பலில் வந்த ‘மேரி, ஒரு நீக்ரோப் பெண்’ என்றும் இரண்டு வரிகள் காணப்படுகின்றன. குலப்பெயர் இல்லை, வயது இல்லை, எந்தத் தேசம் என்பதும் இல்லை. 1622ஆம் வருஷம் மார்ச் 22ஆம் தேதி பவ்ஹாட்டன் குடியினர் அக்குடியேற்றத்தின்மேல் பாய்ந்து 347 பேரைக் கொன்றபோது, அந்தத் தோட்டத்தில் மட்டும் 52 பேர் மாண்டார்கள்; தப்பிய மிகச் சிலரில் அன்டோனியோவும் ஒருவர்.

அதன்பிறகு பல வருஷங்களுக்குக் காகிதம் மௌனம் சாதிக்கிறது. மீண்டும் அது வாய் திறக்கும்போது, அன்டோனியோ கிழக்குக் கரையில் அந்தோணி ஜான்சன் என்ற பெயரோடு, மனைவி மேரியோடும் இரண்டு மகன் இரண்டு மகளோடும், சுதந்திர மனிதராய், மாடு கன்றோடு குடித்தனம் நடத்துகிறார். அந்த அன்டோனியோவும் இந்த அந்தோணி ஜான்சனும் ஒருவரே என்று எப்படிச் சொல்வது? பெயர் ஒற்றுமை ஒரு சாட்சியே ஆகாது என்பது இத்துறையின் முதற்பாடம். ஆகவே அதற்குப் பதில் சொல்லும் தாள் வேறொன்று வேண்டும். அது ஒரு தீ விபத்தினால் கிடைத்தது.

தீயைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். 1651ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அந்தோணி ஜான்சனுக்கு 250 ஏக்கர் நிலம் பட்டாவாகிறது. வர்ஜீனியாவில் அக்காலத்துச் சட்டம், கடல் கடந்து ஓர் ஆளை அழைத்து வருவதற்குச் செலவழித்தவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்தது. ஐந்து தலை, 250 ஏக்கர். பட்டாவிலே அந்த ஐந்து பேரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். வம்சாவளி தேடுவோர் பலர் இடறி விழுகிற குழி இது. பட்டாவில் பெயர் இருந்தால் அந்த வருஷமே அந்த ஆள் வந்திறங்கினான் என்று எழுதிவிடுகிறார்கள். தலையுரிமை என்பது சந்தையில் கைமாறிய சரக்கு. பல வருஷங்களுக்கு முன் வந்தவன் பெயரை ஒருவர் வாங்கி வைத்திருந்து, விற்று, மற்றொருவர் நிலத்துக்கு ஈடாகக் கொடுக்கலாம். ஜான்சனுடைய பட்டாவிலுள்ள ஐந்து பெயர்களுள் ஒன்று ரிச்சர்ட் ஜான்சன். அவருடைய மகன் பெயரும் ரிச்சர்ட் ஜான்சனே. இதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர அவசரப்படுகிறவரை நான் ஆராய்ச்சியாளர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலத்தைச் சொல்லும் விதமும் தனியானது. சர்வே நம்பர் என்ற சௌகரியம் இல்லாத காலம். சக்குபந்தி முழுவதும் மரத்தாலும் ஓடையாலும் ஆனது. அம்புக்குறி வெட்டிய ஒரு செங்கருவாலி மரத்தில் தொடங்கி, தென்கிழக்கே இத்தனை கோல் போய், ஓடைத் தலையில் நிற்கும் ஒரு ஹிக்கரி மரத்தைத் தொட்டு, அங்கிருந்து இன்னார் வேலியோரமாகத் திரும்பி, தொடங்கிய மரத்துக்கே வந்து சேர் என்று எழுதுவார்கள். ஒரு கோல் பதினாறரை அடி. மரம் பட்டுப்போனால் எல்லை போயிற்று. ஆகையால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, கோவில் சபையார் ஆள் அனுப்பி, அண்டை அயலாரையும் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து, அடையாள மரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று வர்ஜீனியச் சட்டம் விதித்திருந்தது. அப்படி நடந்தவர்களின் பெயர்ப் பட்டியல்தான் இன்றைய தேடுபவருக்குப் புதையல். ஒருவனுடைய தாயாதி யார், சம்பந்தி யார் என்பதை அவனுடைய உயில் சொல்லாமல் விட்டாலும், அவனோடு எல்லையைச் சுற்றி நடந்தவர்களும், அவன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் சொல்லிவிடுவார்கள். அந்நாளில் மனிதன் பெண் கொண்டதும் கொடுத்ததும் பெரும்பாலும் வேலிக்கு அப்பால்தான். நிலத்தை விற்றவன் ஒரு பிடி மண்ணையும் ஒரு சுள்ளியையும் வாங்கியவன் கையில் வைத்துக் கொடுப்பது பழைய சம்பிரதாயம். பின்னால் வந்த வக்கீல்கள் அதற்கு மாற்றாக, முதல்நாள் ஒரு வருஷக் குத்தகையும் மறுநாள் உரிமை விடுதலையுமாக இரண்டு பத்திரம் எழுதினார்கள்; அந்தக் குத்தகைக்கு வாரமாகப் பேசப்பட்டது பல பத்திரங்களில் ஒரே ஒரு மிளகு. நம் மேற்குமலைக் கொடியில் காய்த்த மணி அட்லாண்டிக்குக்கு அப்பால் சட்டத்தின் சாட்சியாய் நின்றதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இப்போது தீக்கு வருகிறேன். 1653ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜான்சன் வீட்டாரின் தோட்டத்தை நெருப்பு அழித்தது. அவர்கள் நீதிமன்றத்திடம் வரிச்சலுகை கேட்டு விண்ணப்பித்துக்கொண்டார்கள். பிப்ரவரி 28ஆம் தேதி கிடைத்த உத்தரவில், இவ்விருவரும் 30 வருஷத்துக்கு மேலாக வர்ஜீனியாவில் வசிப்பவர்கள் என்றும், கடின உழைப்புக்கும் சேவைக்கும் பெயர் பெற்றவர்கள் என்றும் சொல்லி, மேரியையும் இரண்டு மகள்களையும் அவர்கள் ஆயுள் உள்ளவரை தலைவரியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். 1653இலிருந்து 30ஐக் கழித்துப் பாருங்கள். 1621இல் வந்த அன்டோனியோவும் 1622இல் வந்த மேரியும் தாமே எழுந்து நிற்பார்கள். உயிலில்லை, பிறப்புப் பதிவில்லை, கல்லறைக் கல்லில்லை. வரிக் கணக்கிலே குமாஸ்தா போகிற போக்கில் எழுதிய ஒரு சொற்றொடர் இரண்டு மனிதர்களை ஒருவராக்கித் தந்தது. அதே உத்தரவில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. வெள்ளைக்காரக் குடியானவனின் மனைவிக்கும் மகளுக்கும் தலைவரி கிடையாது. ஆப்பிரிக்கப் பெண்களுக்கு மட்டும் 1643ஆம் வருஷச் சட்டம் அதை விதித்திருந்தது. ஆகவே அந்த நீதிமன்றம் செய்த தயவு, மேரியையும் அவர் பெண்களையும் வரியைப் பொறுத்தமட்டில் அயல்வீட்டுப் பெண்களுக்குச் சமமாக்கியது. 1653இல் அது நடக்கக்கூடிய காரியமாய் இருந்தது.

(அந்தத் தேதியைப் புத்தகங்களில் 1652/53 என்று இரட்டையாக அச்சிட்டிருப்பதைக் காணலாம். அன்றைய ஆங்கிலேயருக்கு வருஷப் பிறப்பு மார்ச் 25. பிப்ரவரி மாதம் பழைய வருஷத்தின் வால். 1752இல்தான் கணக்கைத் திருத்தி, செப்டம்பரில் 11 நாளை விழுங்கி, ஜனவரியை முதலாக்கினார்கள். இதை அறியாமல், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாக எழுதித் தம் மூதாட்டிக்கு அபவாதம் தேடிவைத்த வம்சாவளிக்காரர்களும் உண்டு.)

அந்தோணி ஜான்சனை நான் மதிப்பதாகச் சொன்னேன். அதற்காக அவருடைய மறுபக்கத்தை மறைக்கமாட்டேன். 1654இல் சாமுவேல் கோல்ட்ஸ்மித் என்ற கனவான் ஜான்சன் வீட்டுக்கு வந்தபோது, அங்கே வேலை செய்த ஜான் கேசர் என்னும் கறுப்பர் அவரிடம் முறையிட்டார்: தாம் ஏழெட்டு வருஷ ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர் என்றும், ஜான்சன் தம்மை அந்தத் தவணைக்கு மேலும் ஏழு வருஷம் வைத்திருக்கிறார் என்றும். ஜான்சனோ, அப்படியோர் ஒப்பந்தச் சீட்டைத் தாம் கண்டதேயில்லை, கேசர் தமக்கு ஆயுள்வரை ஆள் என்றார். மனைவியும் மக்களும் மருமகனும் எடுத்துச் சொன்னதன்பேரில் விட்டுவிட இசைந்தவர், கேசரை ராபர்ட் பார்க்கர் என்ற அயலார் தம்மிடம் வைத்துக்கொண்டதும் மனம் மாறி வழக்குத் தொடுத்தார். 1655ஆம் வருஷம் மார்ச் 8ஆம் தேதி தீர்ப்பாயிற்று: கேசர் உடனே ஜான்சனிடம் திரும்ப வேண்டும், செலவுத் தொகை பார்க்கர் தலையில். ஒப்பந்தச் சீட்டு இருந்ததா, இருந்து தொலைந்ததா, யாரேனும் கிழித்தார்களா என்று பதிவேடு ஆராயவில்லை. தாள் ஒன்று கைக்கு வராததனால் ஒரு மனிதருடைய ஆயுள் முழுவதும் மற்றொருவருக்குச் சொந்தமாயிற்று. கொடுத்தவர்கள் வெள்ளையர், பெற்றவர் தாமே ஒருகாலத்தில் குலப்பெயரில்லாமல் எண்ணப்பட்ட கறுப்பர். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு, அடிமை முறையைத் தொடங்கியதே ஒரு கறுப்பர்தான் என்று குதிப்பவர்கள் இருக்கிறார்கள். முழு ஏட்டையும் வாசிக்காதவர்களின் பேச்சு அது. அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் வாய் அடைத்துப்போயிருக்கும்.

1665இல் அந்தோணியும் மேரியும் 200 ஏக்கரை விற்று, மிஞ்சிய 50 ஏக்கரை மகன் ரிச்சர்டுக்கு விட்டு, விரிகுடாவின் கரையோடு வடக்கே போய் மேரிலாந்தில் குடியேறினார்கள். சாமர்செட் கவுண்டியில் 300 ஏக்கர் குத்தகை. மேரிலாந்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்வது வழக்கமாதலால், அந்த நிலம் ‘டோனியின் திராட்சைத் தோட்டம்’ என்று பதிவாயிற்று. 1670இல் அந்தோணி இறந்துவிட்டார். அதே வருஷம் ஆகஸ்ட் மாதம், வர்ஜீனியாவில் கூடிய ஜூரிமார், மகனுக்கு அவர் விட்டுவந்த 50 ஏக்கர் செல்லாதென்று முடிவு கட்டினார்கள். காரணம் ஒரே வரி: அவர் நீக்ரோ, ஆதலால் அந்நியர். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்நாட்டில் வசித்து நற்பெயர் பெற்றவர் என்று 1653இல் அதே கரையில் எழுதிய வாக்கியம் பதினேழு வருஷத்தில் செத்துப்போயிற்று. நிலம், கேசர் விவகாரத்தில் அடிபட்ட பார்க்கர் குடும்பத்து ஜார்ஜ் பார்க்கரின் கைக்குப் போயிற்று.

கணவர் இறந்தபின் மேரி என்ன செய்தார் என்பதுதான் இந்த ஏடுகளில் என்னை மிகவும் கட்டிப்போடுகிற பகுதி. மேரிலாந்துக் குத்தகையை 99 வருஷத்துக்கு மாற்றி எழுதி வாங்கினார். 1672இல் தம் பேரப்பிள்ளைகள் மூவருக்குப் பசுக்களைத் தானமாக எழுதிவைத்தார். ஸ்தாவரத்தைப் பறிகொடுத்த குடும்பம் ஜங்கமத்தைப் பற்றிக்கொண்டது. நிலத்தை ஜூரிமார் பறிக்கலாம். பேரன் பெயரில் காதடையாளம் வெட்டிய பசுவும் கன்றும், அடையாளம் பதிவாகிவிட்டால், அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்தக் கிழவிக்கு இது தெரிந்திருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

பொதுவாகப் பெண்களைத் தேடுவதுதான் இத்தொழிலிலே மிகுந்த பிரயாசை. ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாதாகையால், அவள் உயில் எழுதுவது அரிது. பிறந்த வீட்டுப் பெயரும் கல்யாணத்தோடு மறைந்துவிடும். கணவன் நிலம் விற்கும்போது, அவளுடைய மூன்றிலொரு பங்கு ஜீவிய உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா, கணவன் வற்புறுத்தினானா என்று நீதிபதி அவளைத் தனியே அழைத்துக் கேட்பார்; அந்த ஒரு வரியில் அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஆண்களின் உயிலும் அத்தனை தெளிவல்ல. ஒரு ஷில்லிங் மட்டும் விடப்பட்ட மகன் துரோகியாய் இருக்கவேண்டியதில்லை. கல்யாணத்தின்போதே தன் பங்கை வாங்கிக்கொண்டு போனவனாய் இருக்கலாம். பெயரே சொல்லப்படாத மூத்த மகன், சட்டப்படி நிலம் தானே வந்து சேருமென்று விடப்பட்டவனாய் இருக்கலாம். உறவுச் சொற்களோ பெருங்குழப்பம்: ‘கசின்’ என்றால் உடன்பிறந்தான் மகனாகவும் இருக்கும்; ‘சன்-இன்-லா’ என்றால் மருமகனாகவும் இருக்கும், மனைவிக்கு முந்திய கணவனால் பிறந்த பிள்ளையாகவும் இருக்கும்; ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்போர் ஒரே ஊரில் ஒரே பெயருடைய, ஒட்டுறவே இல்லாத கிழவரும் வாலிபருமாக இருக்கலாம். அண்ணன், தம்பி, அத்தான், மைத்துனன், சகலை என்று ஒவ்வோர் உறவுக்கும் ஒரு சொல் வைத்திருக்கும் பாஷையில் அந்த உயில்கள் எழுதப்பட்டிருந்தால், அமெரிக்க வம்சாவளிக்காரர்களின் சண்டையில் பாதி குறைந்திருக்கும்.

பசுவை எழுதிவைத்த மேரியின் காலத்துக்குப் பிறகு ஸ்தாவரம் ஜங்கமம் என்ற பிரிவினையிலேயே ஒரு விபரீதம் நேர்ந்தது. 1705இல் வர்ஜீனியச் சட்டசபை, அடிமைகளை வாரிசுரிமைக்கு ஸ்தாவர சொத்தாகக் கொள்ளவேண்டும் என்று சட்டம் இயற்றிற்று. நடக்கிற, பேசுகிற, பிள்ளை பெறுகிற மனிதர்களை நிலத்தோடு ஒட்டி, நிலம் போகிற வழியே அவர்களும் போகவேண்டும் என்றார்கள். இதன் பலனை ஒரு பிரசித்தமான குடும்பத்திலே காணலாம். 1757இல் டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெருந்தனக்காரர் உயில் எழுதாமல் இறந்தார். விதவை மார்த்தாவுக்கு நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றிலொரு பங்கு ஜீவிய காலம் வரையில் மட்டும் கிடைத்தது. 1759இல் அவரை மணந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அந்தப் பங்கின்மேல் அனுபவ உரிமையே தவிர விற்கவோ விடுதலை செய்யவோ உரிமை இல்லை. நாற்பது வருஷம் கழித்து, 1799இல், வாஷிங்டன் தம் கையாலேயே உயில் எழுதி, தமக்குச் சொந்தமான 123 பேருக்கு மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை என்று விதித்தார். மவுண்ட் வெர்னனில் இருந்த கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த 153 பேரை அவரால் தொட முடியவில்லை. இரு திறத்தாரும் ஒருவரையொருவர் மணந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். மார்த்தா தம் கணவரின் ஆட்களை 1801 ஜனவரி முதல் தேதியே விடுவித்தார். 1802இல் அவர் இறந்ததும் மற்றவர்கள் அவருடைய பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் பங்கிடப்பட்டார்கள். விடுதலை பெற்ற கணவன் ஒரு பக்கமும், பங்கிடப்பட்ட மனைவி ஒரு பக்கமுமாய்க் குடும்பங்கள் பிரிந்தன. 1757இல் ஒரு சீமான் எழுதாமல் விட்ட தாள் செய்த வேலை இது.

இதனால்தான் சொல்கிறேன்: காலனிக் காலத்து உயில் ஒன்றில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றை அந்த உயில் சேர்த்து வைக்கிறது. மற்றொன்றை அதே வாக்கியத்தில் பிரித்து வைக்கிறது. மூத்த மகளுக்கு இறகு மெத்தையும் ஜூடித் என்ற பெண்ணும், இளைய மகனுக்குக் குதிரையும் அவளுடைய பிள்ளையும் என்று எழுதும் உயிலில், மகளும் மகனும் வம்சாவளியில் ஏறிவிடுவார்கள். தாயும் பிள்ளையும் மெத்தைக்கும் குதிரைக்கும் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். போன நூற்றாண்டிலே இந்த உயில்களை ஆயிரக்கணக்கில் சுருக்கி அச்சிட்டு உதவிய தொகுப்பாசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. தூசியிலும் கறையானிலும் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் எழுதியவர், மனைவி, மக்கள், நிறைவேற்றுபவர், சாட்சி, தேதி என்று சுருக்கியபோது, அடிமைகளின் பெயர்களைப் பல இடங்களில் அடியோடு விட்டுவிட்டார்கள். இடம் போதவில்லை என்பார்கள். குதிரைக்கும் வெள்ளிக் கரண்டிக்கும் இடம் இருந்த சுருக்கங்களும் உண்டு.

இது வெறும் பண்பாட்டுக் குறை என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. 1850, 1860ஆம் வருஷ ஜனக்கணக்குகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. அதில் எசமான் பெயரின்கீழ் வயது, பால், நிறம் என்று கோடு கோடாக இருக்குமே தவிர, மிகச் சில இடங்கள் நீங்கலாகப் பெயர் இராது. விடுதலை பெற்ற லட்சோபலட்சம் பேர் பெயரோடு ஜனக்கணக்கில் ஏறியது முதன்முதலாக 1870இல். அந்த வருஷத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போக விரும்பும் கறுப்பினப் பேரப்பிள்ளைகளுக்கு, எசமானின் உயிலும், அவன் இறந்தபின் அண்டைவீட்டார் வந்து எண்ணி விலைபோட்ட சாமான் பட்டியலுமே வழி. வேறு வழி மிக அரிது. அப்படியிருக்க, தன் முப்பாட்டனின் உயிலை நகலெடுத்து, அதிலிருந்து தன் கிளைக்கு வேண்டிய மூன்று பெயரை எடுத்துக்கொண்டு, முப்பது பெயரை விட்டுவிட்டுத் திரும்புகிறவன், மற்றொருவன் வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆற்றில் போட்டவனுக்குச் சமானம். வர்ஜீனியா மாநில நூல்நிலையம் தன்னிடமுள்ள காகிதங்களிலிருந்து கறுப்பினத்தார் பெயர்களைத் தொகுத்து எல்லோருக்கும் எட்டும்படி வைத்துவருகிறது, நல்ல காரியம். ஆனால் தனியார் வீட்டு அலமாரிகளிலும், குடும்ப பைபிள்களின் ஓரங்களிலும், தோட்டக் கணக்குப் புத்தகங்களிலும் இருக்கும் பெயர்களை எந்த நூல்நிலையமும் பலாத்காரமாய் எடுக்க முடியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் கொடுக்க வேண்டும். தம் மூதாதையின் உயிலை அச்சிடுகிறவர்கள் அதை முழுமையாய் அச்சிட வேண்டும்; கூச்சமாய் இருந்தாலும் அச்சிட வேண்டும். அந்தோணி ஜான்சன் கேசரைத் திரும்பப் பெற்ற பக்கத்தையும் அவரது நிலத்தைப் பறித்த பக்கத்தையும் சேர்த்து வாசிக்கிற நேர்மை நமக்கு வேண்டுமென்றால், நம் வீட்டுத் தாளிலும் அதே நேர்மை வேண்டாமா?

ஜான்சன் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரே ஒரு பதிவு. அன்டோனியோ எந்தத் தேசத்தவர் என்று 1625ஆம் வருஷத்து ஜனக்கணக்கும் கேட்கவில்லை, 1651ஆம் வருஷத்துப் பட்டாவும் கேட்கவில்லை, அவரை அந்நியர் என்று தள்ளிய 1670ஆம் வருஷத்து ஜூரிமாரும் கேட்கவில்லை. 1677இல் அவருடைய பேரர் ஜான் ஜான்சன் சாமர்செட் கவுண்டியில் 44 ஏக்கர் நிலம் வாங்கினார். வழக்கப்படி அதற்கு ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் வைத்த பெயர் அங்கோலா.